நிரம்பிய தட்டும் மறைந்த ஏடுகளும்

தோளிலே ஆட்டுக்குட்டியைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் அதனைத் தேடித் திரிந்த இடையனின் கதையை அறியாதார் நம்மில் இலர். அக்கதையைச் சிறுவர்க்குச் சொல்லி நகைத்த நாமே அண்மையில் அவ்விடையனாகி நின்றோம். 12 நாள் உழைப்பிலே சேர்த்த ஏறக்குறைய 900 ஏடுகளைக் காணோமென்று கலங்கினோம். அதனோடு அமையாது, அவை கிடந்த இடத்தையே துடைத்து அழித்துவிடவும் இருந்தோம். அழியாமல் தப்பியது எவ்வாறு என்பதே இவ்வாரம் யாம் வாசக நேயர்களுக்குக் கூற எண்ணுவது.

புதுக்குடியிருப்பில் எமது வீட்டின் முன்னறையிலே பழைய கணினி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றது. அதற்குத் திரையுமில்லை; விசைப்பலகையுமில்லை. வீட்டிலுள்ள ஏனைய கணினிகளும் கைத்தொலைபேசிகளும் கேட்பதை எடுத்துக் கொடுப்பதும், கொடுப்பதை வாங்கி வைப்பதுமே அதன் தொழில். இத்தகைய கணினியை வழங்கி என்பர். அதனுள்ளே லினக்ஸ் என்னும் இயங்குதளம் இருக்கின்றது. பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு தொடக்கிவைத்தது அது. வழங்கிக்கு இரண்டு தட்டுகள் உண்டு. ஒன்று இயங்குதளம் குடியிருக்கும் 120 கிகாபைட் அளவான சிறு தட்டு. மற்றையது ஏடுகளைச் சேர்த்து வைப்பதற்கென வெளியே இணைத்த 4 டெராபைட் அளவான பெருந்தட்டு.

வீட்டுக்கு எதற்கு இத்துணை பெரிய களஞ்சியம் என்று கேட்பீர்கள். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் இவ்வூரார் பட்டதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்நாளிலே அடுப்பையும் நெல்லையும் விட்டுச் சென்றோர்கூட, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு சொப்பிங் பையிற் சுற்றி இடுப்பிலே கட்டிக்கொண்டு சென்றனர். தறப்பாளின் கீழ் மழையிலே நனைந்தும், முகாமிலே வெயிலிற் காய்ந்தும் வந்த தாள்கள் அவை. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரிலே மூடப்பட்டது. மக்கள் திரும்பினர், தாள்களும் திரும்பின. ஆயின் தாளுக்கும் முதுமை உண்டன்றோ? மடித்த இடம் கிழிகின்றது, மை மங்குகின்றது, கறையான் காத்திருக்கின்றது. ஆதலால் எமது உறவினரும் அயலவரும் தத்தம் தாள்களைக் கொண்டுவர, எமது பெறாமகன் அவற்றை ஸ்கேன் செய்து வழங்கியிலே சேர்த்து வருகின்றான்.

வந்த வினை

ஒருநாள் மாலை ஸ்கேன் செய்துகொண்டிருந்த பெறாமகன் முகம் கறுத்து வந்தான். தட்டில் இடமில்லையென்று கணினி கூறுகின்றதாம். பெருந்தட்டிலே காற்பங்குதானும் நிரம்பவில்லையே என்று வியந்து, வழங்கியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் ஓடவிட்டோம். நோய் தீரவில்லை, இரட்டித்தது. இயங்குதளம் இருக்கும் சிறு தட்டு 100 வீதம் நிரம்பியிருப்பதாகக் காட்டிற்று. அதைவிடக் கொடியது, ‘களஞ்சியம்’ என்னும் கோப்புறையைத் திறந்தபோது பழைய ஏடுகள் யாவும் இருக்க, கடந்த 12 நாளும் சேர்த்தவற்றுள் ஒன்றேனும் இல்லாமையே.

அவற்றுள் ஒன்று வயது முதிர்ந்த ஆச்சி ஒருவரின் காணி அனுமதிப்பத்திரம். நான்காக மடித்து வைத்ததனால் நான்கு துண்டுகளாகவே பிரிந்துவிட்ட தாள் அது. கண்ணாடியின்மேல் துண்டுகளைப் பொருத்தி ஒருமுறை படியெடுப்பதற்கே அரைநாள் சென்றது. இன்னொரு முறை விரித்தால் அது தாங்குமோ என்பது ஐயம்.

“சித்தப்பா, தட்டு நிரம்பினபடியால் ஒண்டும் எழுதுப்படேல்லைப்போல. சின்னத் தட்டிலை இயங்குதளத்தைத் தவிர வேறை என்ன கிடக்கு? முழுக்க அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்துவம். பேந்து எல்லாத்தையும் திரும்ப ஸ்கேன் பண்ணுவம்” என்றான் அவன்.

“பொறு தம்பி” என்றோம். பொறுக்கச் சொன்னதற்கு அறிவு காரணமன்று. ஆச்சியிடம் மீண்டும் அத்தாளைக் கேட்க வேண்டுமே என்ற கூச்சமே காரணம்.

எண்ணும் இருவர்

பொறுத்ததனால் ஒரு கேள்வி பிறந்தது. தட்டு நிரம்பியதனால் ஏடுகள் எழுதப்படவில்லையென்றால், கணினி முதல் நாளே முறையிட்டிருக்க வேண்டும். அதுவோ 12ஆம் நாளிலேதான் முறையிட்டது. ஆகவே அதுவரை எழுதப்பட்ட ஏடுகள் எங்கேயோ சென்றிருத்தல் வேண்டும்.

தட்டின் இருப்பை அறிய லினக்ஸிலே இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று டிஎஃப், மற்றையது டியூ. இரண்டும் யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே இருந்த பழைய கட்டளைகள். இவற்றின் வேறுபாட்டை நெற்களஞ்சியம் ஒன்றை வைத்து விளக்கலாம். டிஎஃப் என்பவர் கணக்கப்பிள்ளை. அவர் களஞ்சியத்துக்குள்ளே போவதில்லை. பேரேட்டைப் பார்த்து, இத்தனை மூடைக்கு இடம் உண்டு, இத்தனை நிரம்பிற்று என்பார். டியூ என்பவர் காவற்காரர். ஒவ்வோர் அறையாகச் சென்று கண்ணிற் பட்ட மூடைகளை எண்ணிக் கூட்டிச் சொல்வார். இருவர் கணக்கும் ஏறத்தாழ ஒத்துவருமாயின் எந்த அறை பெருத்திருக்கின்றதென்று தேடினாற் போதும். ஒத்துவராவிடின் காவற்காரர் கண்ணிற் படாத மூடைகள் உள்ளன என்பதே பொருள்.

எமது சிறு தட்டிலே கணக்கப்பிள்ளை 104 கிகாபைட் நிரம்பியதென்றார். வேறு தட்டுகளுக்குள் புகாமல் இத்தட்டை மட்டும் எண்ணும்படி பணித்தபோது காவற்காரர் 14 கிகாபைட் என்றார். இடையிலே 90 கிகாபைட் காணவில்லை!

மாணவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கலாம். 120 கிகாபைட் என்று விற்கப்படும் தட்டு, கணினியின் கணக்கிலே ஏறக்குறைய 110 ஆகவே தோன்றும். கடைக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதும் கணினி 1024 ஆக எண்ணுவதும் இதற்குக் காரணம். அந்த 110இல் 104 நிரம்பிய அளவிலேயே இடம் முடிந்தது ஏன்? எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமை, வழக்கமாக 5 வீத இடத்தை நிருவாகிக்கென்று ஒதுக்கி வைக்கும். நம் வன்னிக் குளங்களிலே வாய்க்கால் மட்டத்துக்குக் கீழே நீர் எஞ்சி நிற்பது போன்றது இது. அந்த ஒதுக்கம் இருந்தமையாலேயே, நிரம்பிய தட்டோடும் வழங்கி எழுந்து எமக்கு விடையளித்தது.

இனி 90 கிகாபைட்டுக்கு வருவோம். ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 600 புள்ளியாக, வண்ணத்திலே, சுருக்காமற் படியெடுத்தால் ஏறக்குறைய 4960 புள்ளி அகலமும் 7016 புள்ளி உயரமும் வரும். புள்ளிக்கு 3 பைட் எனப் பெருக்கினால் 100 மெகாபைட்டுக்குச் சற்று மேற்படும். 12 நாளிலும் படியெடுத்தவை ஏறக்குறைய 900 தாள்கள். 900ஐ 100ஆற் பெருக்கிப் பாருங்கள்: 90,000 மெகாபைட், அதாவது 90 கிகாபைட்.

பெறாமகன் கொப்பியிலே அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு எம்மை நிமிர்ந்து பார்த்தான். மிகையாய் நிரம்பியதும் குறைவாய்ப் போனதும் ஒன்றே! அழித்துவிடலாமென்று சற்றுமுன் கருதிய தட்டுக்குள்ளேதான் ஆச்சியின் பத்திரம் கிடந்தது.

பாயின் கீழே

அஃது ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? லினக்ஸிலே வெளித்தட்டைப் பயன்படுத்துவதற்கு அதனை ஒரு வெற்றுக் கோப்புறையின்மேல் ஏற்ற வேண்டும். இதனை மவுண்ட் செய்தல் என்பர். திண்ணையிலே பாய் விரிப்பது போன்றதே இச்செயல். பாய் விரித்தபின் வைப்பதெல்லாம் பாயின்மேலிருக்கும். பாய் விரிக்காத நாளிலே நெல்லைக் கொட்டினால் அது வெறுந்தரையிலே கிடக்கும். பின்னர் ஒருவர் வந்து அதன்மேலே பாயை விரித்துவிட்டாலோ, தரையிற் கிடந்த நெல் தொலைந்துவிடவில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரியாது.

வழங்கியின் நாட்குறிப்பைப் புரட்டினோம். 12 நாளுக்கு முன்னே ஒரு மாலைப்பொழுது மின்சாரம் தடைப்பட்டது. மின்தடை நமக்குப் புதிதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு தொட்டதனால் நாடு முழுவதுமே இருண்டதென்று அமைச்சரே கூறினார். அன்று மாலை மின்சாரம் மீண்டபோது வழங்கி விழித்தது. வெளித்தட்டு உரிய நேரத்தில் விழிக்கவில்லை. வெளித்தட்டு வராவிடினும் காத்திராது எழுந்துவிடு என்னும் பொருளுடைய நோஃபெயில் என்ற சொல்லை அமைப்பேட்டிலே முன்னொரு காலத்தில் எழுதி வைத்தவர் யாமே. வழங்கி சொன்னபடி செய்தது. பாய் இல்லாத திண்ணையிலே 12 நாளும் நெல் கொட்டப்பட்டது. தரை நிரம்பியதும் முறையிட்டது. யாம் நிறுத்தி ஓடவிட்டபோது வெளித்தட்டு விழித்துக்கொள்ள, பாய் விரிந்து யாவற்றையும் மூடிவிட்டது. குற்றம் எம்முடையதே.

பாயை உருவாமலே அடியைப் பார்க்கவும் வழியுண்டு. பைண்ட் மவுண்ட் என்னும் முறையாலே சிறு தட்டை மட்டும் வேறோர் இடத்தில் மறுபடி காட்டச் செய்யலாம். அந்தக் காட்சியிலே வெளித்தட்டு குறுக்கிடாது. அவ்வாறு செய்தோம். 900 ஏடுகளும் வரிசையாய் நின்றன! அவற்றைப் பெருந்தட்டுக்குப் படியெடுத்தோம். மூலத்துக்கும் படிக்கும் ஷா-256 என்னும் சரிபார்ப்பெண் ஒத்திருப்பதை ஒவ்வொன்றாகக் கண்டபின்னரே சிறு தட்டிலுள்ளவற்றை நீக்கினோம். கணக்கப்பிள்ளையும் காவற்காரரும் 14 என்று ஒரே குரலிற் கூறினர்.

பின்னர் இருவகைக் காவல் செய்தோம். வெறுந்தரையான அக்கோப்புறைக்கு, எதனையும் ஏற்காதே என்னும் மாற்றவியலாக் குறியை இட்டோம். இனிப் பாய் விரியாத நாளில் முதல் ஏட்டிலேயே கணினி முறையிடும். மின்சாரம் திடீரென நின்றால் சிறிதுநேரம் தாங்கும் யூபிஎஸ் கருவி ஒன்றும் வாங்கினோம்.

மாணவர்க்குச் சில குறிப்புகள்

இருவர் கணக்கும் ஒத்துவராமைக்குப் பாயின் கீழ்க் கிடப்பது மட்டுமே காரணமன்று. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நாம் அழித்தால், பெயர் மறையுமேயன்றி இடம் மீளாது. அந்நிரலை நிறுத்தி மீண்டும் ஓடவிட்டாலே மீளும். கணக்குகள் ஒத்துவந்தால், வளர்ந்துபோன நாட்குறிப்புகளையும், இறக்கி நிறுவியபின் எஞ்சிய பொதிகளையும் தேடுக. இடமிருந்தும் இடமில்லை என்று கூறினால், கோப்புகளின் எண்ணிக்கை வரம்பை எட்டியிருக்கலாம். டிஎஃப் கட்டளையோடு ஐ என்னும் எழுத்தைச் சேர்த்துக் கேட்க.

வீட்டுக் கணினிக்கே உரிய நோயன்று இது. 2004 சனவரியிலே செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி, சில வாரங்களுக்குள்ளே மீண்டும் மீண்டும் தானே நின்று எழும் நோய்க்கு ஆளானது. அதன் நினைவகத்திலே கோப்புகள் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தமையே காரணம். கலிபோர்னியாவிலிருந்த பொறியியலாளர் பதறி யாவற்றையும் அழித்துவிடவில்லை. முதலில் அந்நினைவகத்தைத் தொடாமல் ஊர்தியை எழச் செய்து, காரணத்தை அறிந்து, வேண்டாதவற்றை நீக்கினர். 90 நாளுக்கென்று அனுப்பிய ஊர்தி 2010ஆம் ஆண்டுவரை செய்தி அனுப்பியது.

ஒரே இடத்தில் ஒரே படியாக வைத்திருப்பதன் விலையை நம்மவர் நன்கறிவர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து ஏடுகளைப் படியெடுத்துக் காத்து வருகின்றது. பொதுநூலுக்கு அத்தகைய காவலர் உளர். ஆச்சியின் அனுமதிப்பத்திரத்துக்கு நாமே காவல். மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்னும் விதியை இப்பொழுதுதான் எமது வீட்டிலும் நடைமுறைப்படுத்தினோம். மூன்றாவது படி வவுனியாவிலே உறவினர் வீட்டில் இருக்கின்றது.

அடுத்த கிழமை ஆச்சி படலையைத் திறந்துகொண்டு வந்தார். பிரதேச செயலகத்திலே காட்டுவதற்கு ஒரு பிரதி வேண்டுமாம். “என்ரை பேர்மிற் உங்கடை பெட்டிக்குள்ளை பத்திரமாய்க் கிடக்குதோ மோனை?” என்று கேட்டார்.

“ஓம் ஆச்சி” என்றோம். அச்சுப்பொறியிலிருந்து தாள் வரும்வரை பெறாமகன் எம்மைப் பார்க்கவில்லை. யாமும் அவனைப் பார்க்கவில்லை. ஆச்சி அதனை வாங்கி, மடிக்காமலே ஒரு கொப்பிக்குள் வைத்துக்கொண்டு சென்றார்.

நேயர்களே, நும் வீட்டிலும் ஒருநாள் தட்டு நிரம்பும். அன்று அழிக்கும் கட்டளையை எழுதுமுன்னே, கணக்கப்பிள்ளையையும் காவற்காரரையும் ஒருமுறை ஒருங்கே வைத்துக் கேளுங்கள்.