கூரைமேல் வெயில் இலவசம். தகடு மட்டும் வட்டிக்கா?



2012-ஆம் ஆண்டின் மின்வெட்டை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். இளைஞர்கள் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பகலில் பாதி நேரம் மாவு மில்லும் தையல் மெஷினும் ஊமையாகிக் கிடந்த காலம் அது. இன்று வெட்டு குறைந்துவிட்டது, பில் ஏறிவிட்டது! இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண விகிதமே மாறிவிடுகிறது.

மேலே பாருங்கள். சூரியன்மீது சத்தியமிட்டே ஓர் அத்தியாயத்தைத் தொடங்குகிறான் அல்லாஹ். அந்தச் சூரியனைக் கொண்டு இண்டூரில் நாம் என்ன செய்கிறோம்? மொட்டைமாடியில் வற்றல் காயவைக்கிறோம்!

சிலிக்கான் தகட்டில் வெயில் பட்டால் மின்சாரம் பிறக்கும். அதை இன்வெர்ட்டர் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும். மிஞ்சியது லைனுக்குப் போகும்; மீட்டர் அதைக் கழித்துக்கொள்ளும். 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி போதும். நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். ஆனால் ஒன்று: பேட்டரி இல்லாத அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. விற்க வருபவர் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை; நீங்கள் கேளுங்கள்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், கடைக்குக் கிடையாது. இலவச யூனிட்டுக்குள்ளேயே காலம் தள்ளும் ஏழைக்கு இது தேவையும் இல்லை.

சிக்கல் எங்கே? மானியம் முன்னால் வராது. முழுப் பணத்தையும் போட்டு, தகடு மாட்டி, அதிகாரிகள் பார்த்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அந்த இடைவெளியில்தான் வங்கி வந்து நிற்கிறது: பிணை வேண்டாம், வட்டி குறைவு என்று! சகோதரர்களே, குறைந்த வட்டி என்று ஒரு ஹலால் உண்டா? அல்லாஹ் ஹராமாக்கியதற்குச் சதவீதக் கணக்குப் பார்ப்பது எந்த மார்க்கம்?

வழி நம் கையில் இருக்கிறது. ஜமாஅத்தில் ஒரு தனி நிதி. ஜகாத்தைத் தொட வேண்டாம். அதற்குரியவர்கள் எட்டு வகையினர். வசதியுள்ள வியாபாரிகள் பத்துப் பேர் ஆளுக்கு 8,000 போட்டால் 80,000. ஒரு வீட்டின் மானியத் தொகையை அது தாங்கும். கர்ழன் ஹஸனாவாகக் கொடுங்கள். இருவர் சாட்சியோடு எழுதி வாங்குங்கள். மானியம் வந்ததும் பணம் திரும்பும். அடுத்த வீட்டுக்குப் போகும். மீதிக்கு, தள்ளுபடி ஏலம் இல்லாத குலுக்கல் சீட்டு போதுமே!

மொராக்கோவில் மராக்கேஷ் நகரின் பழம்பெரும் குதுபிய்யா பள்ளிவாசலின் கூரையில் 2016-இலேயே சூரியத் தகடு ஏறிவிட்டது. நம் பள்ளி மோட்டார் ஓடுவதும் பகலில்தானே?

வரும் ஜும்ஆ முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். முத்தவல்லியைச் சுற்றி அமர்ந்து, முதல் 8,000 யாருடையது என்று கேளுங்கள்.