மாப்பிள்ளையின் துப்பாக்கியும் வெளிக்கடை ஸ்பேரும்

துலோன் பக்கம் குடியிருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் போன பொங்கலுக்கு வந்திருந்தார். பிரெஞ்சுப் படையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். நம் ஊர் பாஷையில் சொல்தா. வந்தவர் மாட்டுப்பொங்கல் அன்று சாப்பிட்டு முடித்ததும் செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினார். மேசைமேல் பிரித்துப் போட்ட கைத்துப்பாக்கி. பக்கத்தில் புதுப் பளபளப்போடு ஸ்பிரிங், கம்பி, குழல், விசை.

"மச்சான், இத்தனையும் மாத்திட்டேன். இன்னும் நாலு ரவுண்டுக்கு ஒரு தடவை சிக்குது. கிளப்புல இனிமே இதை எடுத்துட்டு வராதீங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? முப்பத்திரண்டு வருஷம் கோப்பு புரட்டியவன். ஆனால் பதினைந்து நாளும் அவர் இதைத் தவிர வேறு பேசவில்லை. அவர் கொண்டு வந்த பிரெஞ்சுக் கையேடுகளை நானும் உட்கார்ந்து படித்தேன். அந்தக் காலத்தில் பிரெஞ்சில் படித்தது இதற்காவது உதவிற்று. படித்ததில் எனக்கென்று ஒரு அபிப்பிராயம் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாமான். குழல் முனையில் திருகி மாட்டும் டப்பா. சைலன்சர் என்கிறோம், பிரெஞ்சிலும் பழைய பேச்சு வழக்கில் 'சிலான்சியே' தான். இப்போது அங்கே 'மோதெராத்தர் து சோன்' என்று எழுதுகிறார்கள். சத்தத்தை மட்டுப்படுத்துவது என்று அர்த்தம். இதுதான் நேர்மையான பெயர். சினிமாவில் வருகிற மாதிரி 'புஸ்' என்று ஒன்றும் போய்விடாது. சாதாரணமாகச் சுமார் 160 டெசிபெல் போகும் வெடிச் சத்தம், இதை மாட்டினால் 130 பக்கம் இறங்கும். அதுவும் சத்தம்தான், காதுமூடி போட்டே தீரவேண்டும். இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர், 1909-இல். அவருடைய அப்பாதான் மாக்சிம் மெஷின் கன் செய்தவர். அப்பா தன் துப்பாக்கிகளைச் சுட்டுச் சுட்டுக் கடைசிக் காலத்தில் காது கேளாமல் போனார், பிள்ளை சத்தம் அடக்கும் குழாய் செய்தார்.

எங்கள் மாப்பிள்ளைக்கும் இடது காதில் ஓயாத ரீங்காரம், பட்டாளத்துச் சம்பாத்தியம். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளத்தான் இதை வாங்கினாரே தவிர விளையாட்டுக்கு அல்ல. பிரான்சில் வேட்டைக்காரர்களுக்கே 2018 முதல் இதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

இனி, ஏன் சிக்குகிறது?

இன்றைய 9 மி.மீ. கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஜான் பிரௌனிங் வகுத்த முறையில் ஓடுபவை. பிரெஞ்சுப் படையில் மாப்பிள்ளை முதலில் பிடித்த 1950 மாடலும் அந்த வழிதான். சுட்டதும் குழலும் மேல்மூடியான ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டியபடியே கொஞ்சம் பின்னால் வரும். பிறகு குழலின் பின்பக்கம் கீழே சாயும், பூட்டு விடும். ஸ்லைடு மட்டும் ஓடிப்போய்க் காலிக் கூட்டை வெளியே எறிந்து, திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு வரும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள். இந்தச் சாய்வுக்குத் தகுந்தபடி குழலின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும் கணக்குப் பண்ணி வைத்தது.

அந்தக் குழல் முனையில் முந்நூறு கிராம் டப்பாவைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? ஏற்றம் இறைத்தவர்களைக் கேளுங்கள். கழியின் ஒரு நுனியில் கல்லைக் கூட்டினால் இறைப்பு வாட்டமே மாறிப்போகும். குழல் சாயத் தயங்கும், ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, காலிக் கூடு பாதியில் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு மருந்து டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. பூஸ்டர் என்கிறார்கள், நீல்சன் கருவி என்றும் பெயர். ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங். சுடும் நொடியில் வாயு டப்பாவை முன்னால் தள்ள, குழல் தன் பாட்டுக்குப் பின்னால் வந்துவிடுகிறது. அந்த ஒரு நொடிக்கு டப்பாவின் பாரம் குழலுக்குத் தெரியாது. குழல் சாயாமல் நேராகப் பின்வாங்கும் பெரெத்தா 92 போன்றவற்றில் தொல்லை குறைவு. குழல் அசையவே அசையாத .22 பிஸ்டல்களுக்குப் பூஸ்டரே வேண்டாம்.

மாப்பிள்ளை அந்த பிஸ்டனைத் திறந்தே பார்த்ததில்லை! சிக்கியதும் நேரே கடைக்குப் போய் இளகின ஸ்பிரிங் வாங்கினார். அது போதவில்லை என்று டங்ஸ்டன் கம்பி. பிறகு துல்லியத்துக்கென்று இறுக்கமாகக் கடைந்த குழல். கடைசியில், சம்பந்தமே இல்லாமல், விசை. முந்நூறு யூரோவுக்கு மேல் போயிருக்கிறது.

இளகின ஸ்பிரிங்கால் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேகம் குறைந்த தோட்டா போடுகிறவருக்கு அது கைகொடுக்கலாம். டப்பா மாட்டினால் பலர் ஒலியின் வேகத்துக்குக் குறைந்த கனத் தோட்டாவைத்தான் போடுகிறார்கள், பறக்கும் குண்டு எழுப்பும் 'டப்' சத்தம் இராது என்பதற்காக. ஆனால் அதே ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு டப்பாவைக் கழற்றிவிட்டுச் சாதாரணத் தோட்டா போட்டால் ஸ்லைடு அளவுக்கு மீறி வந்து சட்டத்தில் மோதும். அதாவது ஒரு டப்பா, ஒரு தோட்டா, ஒரு ஸ்பிரிங் என்ற ஒரே சேர்க்கைக்குப் பொருந்தவைக்கலாம். அதை நம்பகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதைப் போட்டாலும் ஓடுவதுதான் நம்பகம்.

இறுக்கமான குழல் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம். டப்பா மாட்டினால் வாயுவில் ஒரு பங்கு பின்னால் திரும்பி வருகிறது, கரியும் புகையும் உள்ளேயே படிகிறது. கரி சேரும் இடத்தில் கொஞ்சம் தாராளம் வேண்டுமா, இறுக்கம் வேண்டுமா? கம்பெனிக்காரன் விட்டுவைத்த இடைவெளி கவனக்குறைவில் விட்டதல்ல.

எங்கள் ஆபீசில் ஒரு தட்டச்சு இயந்திரம் மந்தமாக ஓடுகிறது என்று வெளியாளைக் கூப்பிட்டுப் பலமான ஸ்பிரிங் போட்டார்கள். வண்டி துடியாக ஓடிற்று, எழுத்தைத் தாண்டித் தாண்டி. மூன்று மாதம் அதில் அடித்த கடிதங்கள் எல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன. தண்டவாளத்தைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தால் போதும் என்று பிறகு வந்த மெக்கானிக் சொன்னார்.

வெளிப்பாகமே ஆகாது என்பதும் என் கட்சி அல்ல. திருகு வெட்டிய குழல் இல்லாமல் டப்பாவை மாட்டவே முடியாது. டப்பா குறியை மறைப்பதால் உயரமான குறிமுள் தேவை. பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதே பலத்தில் புதிது போடலாம். இவை தேவை. மற்றவை ஆசை.

சிக்கல் வெறும் எரிச்சலோடு நின்றால் பரவாயில்லை. எழுபது வயசுக் கை, ஸ்லைடை இழுக்கப் பலம் போதாமல் துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பி மார்போடு அணைத்து இழுத்திருக்கிறார். குழல் அடுத்த வரிசை ஆளைப் பார்த்தது. உள்ளே தோட்டா. கிளப்பில் வராதே என்றது இதற்காகத்தான். அவர்கள் சொன்னது முழுக்க நியாயம், அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஊர் போனதும் பழைய பாகங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டச் சொன்னேன், கூடவே அந்த பிஸ்டனைக் கழற்றிப் பார்க்கவும். போன ஞாயிறு கூப்பிட்டார். பிஸ்டன் கரி பிடித்துப் பாதி தூரம்கூட நகராமல் கிடந்ததாம். சுரண்டித் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவியிருக்கிறார். கிளப்பில் ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்து அறுபது ரவுண்டு சுட்டதில் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

கழற்றிய பாகங்கள் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. பாதி விலைக்காவது போகுமா என்று கேட்கிறார். விசையை மட்டும் கழற்ற மனசு வரவில்லையாம். அதையும் கழற்று மாப்பிள்ளை என்றேன், அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.