வாசற்படிக்குக் கீழே ஒரு மடை

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



நான் இந்த மாவட்டத்துக்காரி இல்லை. சென்னையில் 31 வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நானும் என் கணவரும் நெகமத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கி, வீடு கட்டிக் குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் இங்கே மாற்றியாகிவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' சேர்க்க நாக்கு பழகவில்லை, அவ்வளவுதான். மளிகைக் கடையில் இன்னும் என்னை 'மெட்ராஸ் டீச்சரு' என்றுதான் சொல்கிறார்கள்.

குடிவந்தவர்கள் யாரும் பொதுவாக உங்களுக்கு இப்படி எழுதுவதில்லை. எழுதினாலும் தெருவிளக்கு, தார்ரோடு, குடிநீர் இணைப்பு என்றுதான் இருக்கும். நான் கேட்கப்போவது வேறு. எங்களைப் போன்றவர்கள் வரும்போது இந்த மண்ணில் என்ன உடைகிறது என்பதை, உடைத்தவர்களில் ஒருத்தியாகவே சொல்கிறேன்.

2015 டிசம்பரில் நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். அடையாற்றுத் தண்ணீர் இரவில் வாசலுக்கு வந்தது. விடிவதற்குள் பிரிட்ஜ் மிதந்தது. மாடியில் அண்டை வீட்டாரோடு இரண்டு நாள் கிடந்தோம். தண்ணீர் போகிற இடத்தில் வீடு கட்டக்கூடாது என்பது அந்த இரண்டு நாளில் நான் கற்ற பாடம். அதற்குப் பிறகு கொரோனா வந்தது. பையனுக்கு வீட்டிலிருந்தே வேலை. எங்கே இருந்தால் என்ன என்று ஆனபோது, பொள்ளாச்சிப் பக்கம் என்று முடிவு செய்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, தென்னை, மருத்துவமனைக்குக் கோயம்புத்தூர் கிட்டக்க. வேறென்ன வேண்டும்?

இடம் பார்க்க வந்தது ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. கோவை–பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் கலர் கொடிகள். தோப்பை வெட்டிய அடிக்கட்டைகள் அங்கங்கே தலை நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் மஞ்சள் பூசிய எல்லைக்கற்கள். மனைகளுக்குக் குறுக்கே முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம் ஓடியது. உள்ளே காய்ந்த சருகும் பார்த்தீனியமும். "இது என்னப்பா?" என்று கேட்டேன். "மழைத்தண்ணி ஓடின பள்ளமுங்க, ரோடு போடறப்ப லெவல் பண்ணிருவோம்" என்றார் அழைத்து வந்தவர். சொன்னபடியே செய்தார்கள். முப்பதடி ரோடு வந்தது. என் போர்டிகோவும் அதன்மேல்தான் வந்தது.

குடிவந்து ஒரு வருஷம் கழித்து, ஒரு நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு வாசலில் சத்தம். கதவைத் திறந்தால் தோளில் மம்முட்டியோடு ஒரு பெரியவர். கீழ்த்தோட்டத்துக்காரர். எழுபதைத் தாண்டியிருப்பார்.

"ஏனுங் டீச்சரு, தண்ணி உட்டிருக்கறாங்க. எங்க மடை உங்க வாசப்படிக்குக் கீழதானுங்க இருக்குது."

அன்றுதான் அந்தப் பள்ளம் பி.ஏ.பி. பாசன வாய்க்கால் என்று எனக்குத் தெரிந்தது. வெள்ளத்துக்குப் பயந்து அத்தனை மைல் வந்தவள், மறுபடியும் தண்ணீர் போகிற வழியில்தான் வீடு கட்டியிருக்கிறேன். இந்த முறை தண்ணீர் என் வீட்டுக்குள் வரவில்லை, பெரியவரின் தோட்டத்துக்குப் போகவில்லை.

ஐயா, பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கப்போகும் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். மேற்கே ஓடிக் கடலில் கலக்கிற ஆறுகளை மலைக்குள்ளேயே மறித்து, சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பிய திட்டம் இது. காமராஜர் காலத்தில் தொடங்கியது. கேரளத்தோடு போட்ட ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்தே நடப்பதாகக் கொள்ளப்பட்டது. சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட 49 கிலோமீட்டர் மலையோரமாகவே வருகிற காண்டூர் கால்வாய், திருமூர்த்தி அணையில் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கிருந்து கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 3.77 லட்சம் ஏக்கர் பாய வேண்டும். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போதாது. அதனால் நான்கு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்குச் சுமார் 94 ஆயிரம் ஏக்கர் என்று முறைவைத்து விடுகிறார்கள். ஒரு தோட்டத்துக்கு முறை திரும்பி வர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகிறது.

என் மடலின் மையம் இந்த இரண்டு வருஷம்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சில மாதங்கள் மட்டும் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் பார்க்க வருகிறவள் கண்ணுக்குக் காய்ந்த பள்ளமாகத்தான் தெரியும். அவளிடம் பொய் சொல்வது சுலபம். சொல்லாமல் விடுவது அதைவிடச் சுலபம்.

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். தாய்ப்பத்திரம் எழுபதுகளில் எழுதியது. செக்குபந்தி விவரமெல்லாம் முடிந்தபின், 'மாமூல் வண்டித்தட பாத்தியமும் வாய்க்கால் பாசன பாத்தியமும் உள்பட' என்று அழகாக ஒரு வரி இருக்கிறது. என் பத்திரத்தில் அந்த வரி இல்லை. கிழமேல் ஜாதியடி நாற்பது, தென்வடல் ஜாதியடி அறுபது, வடக்கே மனை எண் இன்னது, தெற்கே முப்பதடி ரோடு, அவ்வளவுதான். அரை நூற்றாண்டாக ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டிருந்த வரி, தோப்பு மனையானதும் உதிர்ந்துவிட்டது. யார் விட்டார்கள் என்று நான் தேடப் போகவில்லை. வரைபடம் போட்டவர், அனுமதி வாங்கியவர், பத்திரம் எழுதியவர், படிக்காமல் கையெழுத்துப் போட்ட நான் என்று எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது. 31 வருஷம் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள், ஆறு பக்கப் பத்திரத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை.

போர்டிகோவின் ஓரத்தை உடைத்தோம். சிமெண்ட் குழாய் வாங்கி ரோட்டுக்குக் கீழே பதித்தோம். ஐந்து வீடுகள் செலவைப் பங்கிட்டுக்கொண்டோம். இரண்டு வீட்டார் "எங்கள் மனையில் அப்படியொன்று இருப்பதாகப் பத்திரத்தில் இல்லையே" என்றார்கள். சட்டப்படி பேசினால் அவர்கள் பேச்சிலும் பிழையில்லை. வேலை முடிந்து தண்ணீர் போனபோது அந்தச் சுற்றில் பாதி நாட்கள் கழிந்திருந்தன. பெரியவர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "நீங்க என்னுங்க பண்ணுவீங்க, வித்தவன் சொல்லியிருக்கோணுமுங்க" என்றார். திட்டியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

குழாயில் இப்போது தென்னை மட்டையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொள்கின்றன. திறந்த வாய்க்காலை மம்முட்டியால் ஒரு மணி நேரத்தில் தூர் வாரலாம், குழாயை வார முடியாது. பாசன சபைக் கூட்டத்துக்குப் போய் இதைப் பேசலாம் என்று பார்த்தேன். அது ஆயக்கட்டு விவசாயிகளின் சபை. வாய்க்காலின் மேல் குடியிருக்கிற எனக்கு அதில் இடமில்லை.

இதைச் சொன்னதும், "அப்படியானால் வெளியூர்க்காரர்கள் விவசாய நிலம் வாங்கத் தடை போடலாமே" என்று சிலர் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க முடியாது. கர்நாடகத்திலும் 2020இல் சட்டத்தைத் திருத்தும்வரை அப்படித்தான் இருந்தது. தமிழ்நாட்டில் உச்சவரம்பு உண்டு, யார் வாங்கலாம் என்ற வரம்பு கிடையாது. அது அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. தடை வந்தால் முதலில் அடிவாங்குவது நாங்கள் அல்ல, விற்கிற தோட்டக்காரர். அவர் ஆசைக்கு விற்கவில்லை. வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கறுத்தது. வேர் வாடல் நோய் வந்து, காய்த்துக்கொண்டிருந்த மரத்தையே வேரோடு பெயர்க்க வேண்டியதாயிற்று. மரம் ஏற ஆள் இல்லை. பையன் பெங்களூரில், பெண் கனடாவில். தோப்பை மறுபடி நட்டு, காய்ப்புக்கு வரும்வரை காத்திருக்கச் சொல்ல நாம் யார்?

எங்கள் ஆட்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் வருஷம் வீட்டு மொட்டைமாடியில் மயில் வந்து நின்றால் படம் எடுத்து வாட்ஸாப்பில் போடுவோம். அடுத்த தோட்டத்தில் அதே மயில் நிலக்கடலையைக் கொத்தித் தின்பது எங்கள் படத்தில் வராது. தென்னந்தோப்பு வேண்டும், மட்டை மில் தூசி வேண்டாம். நாட்டுக்கோழி முட்டை வேண்டும், கோழிப்பண்ணை வாடை வேண்டாம். எங்கள் குடியிருப்பிலிருந்தே ஒரு மட்டை மில்லின் மீது புகார் மனு போயிருக்கிறது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அந்த மில் எங்களுக்குப் பதினைந்து வருஷம் முன்பே அங்கே இருந்தது.

அந்த மில்லில் வேலை செய்கிறவர்களும் குடிவந்தவர்கள்தான். பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்து, தகரக் கொட்டகையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கிறார்கள். வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தையில் அவர்கள் பேசுகிற தமிழ் என் கொங்குத் தமிழைவிட நன்றாக இருக்கிறது. 'இந்தப் பக்கம் குடிபெயர்வோர்' என்று அதிகாரிகள் கூட்டத்தில் பேச்சு வரும்போது எங்கள் மனைப்பிரிவு மட்டும் நினைவுக்கு வந்துவிடக் கூடாது. அவர்களும் வர வேண்டும்.

ஐயா, நான் கேட்பதில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று.

பெரியது இது. குடிவருகிறவர்கள் தோப்புக்குள் வராமல் ஊருக்குள் வரும்படி செய்ய முடியுமா? பெரிய நெகமம், சமத்தூர், கோட்டூர், வேட்டைக்காரன்புதூர், ஆனைமலை, கிணத்துக்கடவு என்று இந்தப் பக்கம் எத்தனை சிற்றூர்கள்! எல்லாவற்றிலும் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, பஸ் இருக்கிறது, பள்ளி இருக்கிறது. நெகமத்தில் தறிச்சத்தம் கேட்கிற தெருக்களில் நான் சாயங்காலம் நடப்பதுண்டு. வீட்டுக்கு வீடு திண்ணை. அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. ஓட்டு வீடு, நடுவில் ஆசாரம், பின்னால் சேந்துகிணறு. நான்கில் ஒரு பங்கு விலைக்கு வாங்கிச் செப்பனிட்டுக் குடியிருந்திருக்கலாம். கேட்டும் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு ஒன்பது பங்காளிகள். கூட்டுப்பட்டா. இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே மற்றவர்களுக்குத் தெரியாது. விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் பயம். தோப்பை மனையாக்க வழிகாட்டுகிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பூட்டிய வீட்டைத் திறக்க வழிகாட்ட ஒருவரும் இல்லை. பட்டா மாறுதலுக்கு முகாம் நடத்துகிறீர்கள். பூட்டிய வீடுகளுக்கென்றே, இந்த ஆறேழு ஊர்களில் மட்டும், தாசில்தாரும் சார்பதிவாளரும் ஒரே பந்தலில் உட்காரும் முகாம் ஒன்று நடத்திப் பாருங்கள். எத்தனை வீடு திறக்கும் என்று எனக்குத் தெரியாது. பத்து வீடு திறந்தால் ஒரு ஏக்கர் தோப்பு தப்பும்.

சின்னது இது. நஞ்சை நிலத்தை மனையாக்க உங்கள் இசைவு வேண்டும் என்கிறார்கள். எங்கள் நிலம் பத்திரத்தில் புன்செய். புன்செய் என்ற சொல்லுக்குள் ஒரு வாய்க்கால் ஒளிந்திருப்பது அந்தச் சொல்லைப் பார்த்தால் தெரியாது. ஆயக்கட்டுக்குள் எந்த மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டாலும், பாசன சபைத் தலைவரையும் கீழ்மடைக்காரரையும் அந்த இடத்துக்கே வரச்சொல்லி, வாய்க்காலையும் வண்டித்தடத்தையும் காலால் நடந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு அதை வரைபடத்தில் நீலக்கோடாக வரையச் சொல்லுங்கள். தாய்ப்பத்திரத்தில் உள்ள பாத்திய வரி, மனைப் பத்திரம் ஒவ்வொன்றிலும் அப்படியே இறங்க வேண்டும். பதிவுத்துறை உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அனுமதி தரும்போதே இதை ஒரு நிபந்தனையாக வைக்க ஆட்சியர் சொன்னால் எடுபடும். இதற்குப் பணம் செலவில்லை.

எங்கள் மனைப்பிரிவில் வாய்க்கால் போகிற வரிசையில் இன்னும் 11 மனைகள் விற்காமல் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமைகூடக் காரில் ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பதினோரு பத்திரங்களையாவது அந்த ஒரு வரியோடு எழுத வையுங்கள். எங்கள் மண்டலத்துக்கு அடுத்த முறை தண்ணீர் திறப்பதற்குள் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
நெகமம் பக்கத்திலிருந்து ஒரு மெட்ராஸ் டீச்சர்