கேஸ் தீரல, கசியுது!

வெயில் காலம் வந்தா போதும், "கார்ல ஏசி கூலிங் இல்ல, கேஸ் தீந்துபோச்சு"ன்னு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிடறோம். மக்களே, ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற சமாச்சாரம் இல்லை. மூடின குழாய்க்குள்ளயே திரவமாகி, ஆவியாகி, திரும்பத் திரும்பச் சுத்திக்கிட்டே இருக்கும். வருஷா வருஷம் நிரப்ப வேண்டியிருந்தா ஒரே அர்த்தம்தான்: எங்கயோ கசியுது.

போனா என்ன, காத்துதானேன்னு கேக்கறீங்களா? அந்தக் காலத்து கார்களில் இருந்தது ஆர்-12. அந்த வகை வாயுக்கள் ஓசோனை அரிக்கும்னு மொலினாவும் ரோலண்டும் 1974-ல சொன்னாங்க. 1987-ல மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்து அதுக்கு மூடுவிழா ஆரம்பிச்சது. பதிலுக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனை ஒண்ணும் செய்யாது. ஆனா பூமியைச் சூடாக்கறதுல கில்லாடி. நூறு வருஷக் கணக்குல, ஒரு கிலோ 134ஏ சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். உங்க கார்ல அரை கிலோ கேஸ்னு வெச்சுக்குங்க. அது மொத்தமா வெளிய போனா 700 கிலோ கரியமில வாயு விட்ட மாதிரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா வர்றது சுமார் 2.3 கிலோ. ஆக, 300 லிட்டர் பெட்ரோல்! லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னா, அதுல சென்னையிலிருந்து டெல்லி போய்ட்டே திரும்பி வந்துடலாம்.

"புது கேஸ் வந்தா சரியாயிடும்"னு ஒரு கோஷ்டி. ஐரோப்பாவில 2017-லிருந்து புது கார்களில் 134ஏ கிடையாது, பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப். சூடாக்கும் குணம் இதுக்கு ரொம்பக் குறைவு. ஆனா லேசா தீப்பிடிக்கும். காத்துல சிதைஞ்சு, லேசில் அழியாத ஒரு அமிலமாகி மழையோட இறங்கும். இந்தியா 2021-ல ஏத்துக்கிட்ட கிகாலி திருத்தப்படி நமக்கு உச்சவரம்பு 2028-லதான். அதுவரைக்கும் ஓடிக்கிட்டிருக்கிற கார்கள் கசியாம இருக்குமா?

ஐரோப்பிய விதியில எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. கேஸ் அளவுக்கு மீறிக் கசிஞ்சிருந்தா, ஓட்டையை அடைக்காம ஒர்க்‌ஷாப்காரர் நிரப்பவே கூடாது. இங்கயும் அதுதான் நடைமுறையாகணும்கிறது என் கட்சி.

"லீக் பாக்கறதுக்கு செலவு ஜாஸ்தி சார், டாப்-அப் பண்ணா இந்த சீசன் ஓடிடும்"பாங்க. ஓடும். ஆனா கேஸோட கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போகும். ஒருநாள் கம்ப்ரசர் மடக்குனு நின்னா, அந்த பில்லுக்கு முன்னாடி லீக் டெஸ்ட் செலவு ஜுஜுபி.

அதனால அடுத்த தடவை மூணே மூணு கேள்வி கேளுங்க. நைட்ரஜன் பிரஷரோ சாயமோ விட்டு லீக் பாத்தீங்களா? மிச்சமிருக்கிற கேஸை மெஷின்ல பிடிச்சீங்களா, இல்ல புஸ்ஸுனு வெளிய விட்டீங்களா? வேக்குவம் போட்டு, பானெட் ஸ்டிக்கர்ல இருக்கிற கிராம் கணக்குல எடை பாத்து நிரப்பினீங்களா? முழிச்சாருன்னா வண்டியை வேற இடத்துக்கு விடுங்க. நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்கு அவங்களே பண்ணுவாங்க :-)