கள்வரைத் தடுக்கும் பூட்டும் தீயை அறிவிக்கும் மணியும்

ஓர் இல்லத்துக்குப் பகை இரண்டு. ஒன்று களவு, மற்றையது தீ. கள்வன் வெளியிலிருந்து உள்ளே வர முயல்கின்றான். தீயோ பெரும்பாலும் வீட்டின் உள்ளேயே பிறந்து வளர்கின்றது. கள்வனைத் தடுப்பதற்கு வீட்டை இறுக மூட வேண்டும்; தீயிலிருந்து தப்புவதற்கு வீட்டை விரைந்து திறக்க வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு தேவைகளையும் ஒரே வீட்டில் எவ்வாறு நிறைவேற்றுவது என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விடயமாகும்.

நம் நாட்டு வீடுகளைச் சற்றுப் பாருங்கள். யன்னல்தோறும் இரும்புக் கம்பி, முன்வாயிலில் மடிப்பு இரும்புக் கதவு, பின்கதவில் ஆமைப்பூட்டு. திறப்புக் கோவையோ வீட்டுத் தலைவரின் தலையணைக்குக் கீழே இருக்கும். பெண்ணுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த நகையை வீட்டில் வைத்திருப்போர் இவ்வாறு அஞ்சி நடப்பதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், நள்ளிரவில் மின்சாரம் அற்று, வீடெங்கும் புகை சூழ்ந்த வேளையில், அக்கோவையிலிருந்து உரிய திறப்பைத் தடவி எடுத்துப் பூட்டைத் திறக்க எத்தனை பேருக்கு இயலும்? கள்வனுக்கு மூடிய கதவு அப்பொழுது நமக்கே மூடிய கதவாகிவிடும்.

இது வெறுங் கற்பனையன்று. 1911ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் திகதி நியூயோர்க் நகரில் ‘திரையாங்கிள்’ என்னும் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியது. தொழிலாளர் துணிகளைத் திருடிச் செல்லக்கூடும் என்ற ஐயத்தினால் அங்கே வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. அந்தத் தீயில் இறந்தோர் 146 பேர். அவர்களுட் பெரும்பாலோர் இளம்பெண்கள். பொருளைக் காப்பதற்கென்று இட்ட பூட்டு உயிர்களுக்கு எமனாயிற்று. தொழிற்சாலைக்கு நேர்ந்தது வீட்டுக்கு நேராது என்று எவர் கூற முடியும்?

ஆகவே, பாதுகாப்புக் கருவிகளை வாங்கச் செல்லுமுன் ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை மணி கள்வனைப் பிடிப்பதில்லை; தீயை அணைப்பதுமில்லை. அது நமக்குச் சில நிமிட அவகாசத்தை மட்டுமே பெற்றுத் தருகின்றது. அந்த நிமிடங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பது நம் கையிலேயே இருக்கின்றது.

முதலிற் கள்வரை அறிவிக்கும் மணியைப் பார்ப்போம். அமெரிக்காவில், பொஸ்டன் நகரின் அயலிலே வாழ்ந்த ஒகஸ்டஸ் போப் என்பவர் 1853ஆம் ஆண்டிலேயே மின்கலத்தினால் இயங்கும் அத்தகைய மணியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ யன்னலோ திறக்கப்பட்டதும் மின்சுற்று இணைந்து மணி ஒலிக்கும். பின்னர் எட்வின் ஹோம்ஸ் என்பவர் அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, அதனை ஒரு தொழிலாக வளர்த்தார்.

இன்றைய கருவிகள் இம்முறையை மாற்றியமைத்துள்ளன. மாணவர்கள் இதனைக் கவனிக்க. கதவிலே ஒரு சிறு காந்தமும் நிலையிலே ஒரு சிறு ஆளியும் பொருத்தப்படுகின்றன. கதவு மூடியிருக்கும்வரை காந்தம் ஆளியினுள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளை ஒன்றுசேர்த்து வைத்திருக்கும். மின்னோட்டம் இடையறாது ஓடும். கதவு திறந்தால் காந்தம் விலகும், ஓட்டம் அறும், மணி அலறும். கள்வன் கம்பியை வெட்டினாலும் ஓட்டம் அறுவதால் மணி ஒலித்தே தீரும். இதுவே இம்முறையின் சிறப்பு. இதனோடு அறையின் மூலையில் வைக்கப்படும் வேறொரு கருவியும் உண்டு. மனித உடலின் வெப்பத்திலிருந்து வெளிப்படும் செந்நிறக்கீழ்க் கதிர்கள் அறையினுள் அசைவதை அது உணர்ந்து அறிவிக்கும். வெயில் நேரே விழும் யன்னலை நோக்கியோ அடுப்பை நோக்கியோ அதனைப் பொருத்தினால் வீண் கூச்சலே மிஞ்சும்.

வீட்டு வாயிலை ஒளிப்படக் கருவியால் கண்காணிக்கும் முறையைத் தோற்றுவித்தவர் ஒரு தாதி என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். நியூயோர்க் நகரைச் சேர்ந்த மேரி வான் பிரிட்டன் பிறவுண் என்னும் அம்மையார், தம் கணவருடன் சேர்ந்து 1966ஆம் ஆண்டில் விண்ணப்பித்து, 1969ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வாயிலில் நிற்பவரை உள்ளிருந்தே திரையிற் காணவும், அவருடன் பேசவும், பொலிசாரை அழைக்கவும், கதவின் பூட்டைத் தூரத்திலிருந்தே விடுவிக்கவும் அதில் வழி இருந்தது. இன்று கடைகளில் விற்கப்படும் வாயிற் கமெராக்கள் யாவும் அக்கருத்தின் வழித்தோன்றல்களே. கதவைத் திறக்காமலே வந்தவரை அறிவது, தனித்து வாழும் முதியோருக்குப் பெருந்துணையாகும்.

இனித் தீயைப் பற்றிக் கூறுவோம். தீயிற் சிக்கி இறப்போருட் பலரைக் கொல்வது சுவாலையன்று, புகையே. புகையிற் கலந்திருக்கும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உறங்குபவரை அது எழுப்புவதில்லை. மேலும் ஆழ்ந்த மயக்கத்தில் அமிழ்த்திவிடுகின்றது. ‘புகை மணத்தால் எனக்கு விழிப்பு வந்துவிடும்’ என்று எண்ணுவது பேராபத்து. உறக்கத்தில் நம் மூக்கும் உறங்குகின்றது. காதோ ஓரளவு விழித்திருக்கின்றது. ஆதலாலேயே புகையை ஒலியாக மாற்றும் கருவி வேண்டியதாயிற்று.

அத்தகைய கருவிக்கு வழி பிறந்தது ஒரு தற்செயலால். 1930களின் இறுதியில், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த வோல்டர் யேகர் என்னும் பௌதிகவியலாளர் நச்சுவாயுவை உணரும் கருவியொன்றை அமைக்க முயன்றார். வாயுவுக்கு அது அசையவில்லை. சலிப்புற்று அவர் சிகரெட்டைப் பற்றவைத்தபோது, அதன் புகைக்கு மானியின் முள் அசைந்தது. இன்று புகையுணர் கருவிகள் இருவகைப்படும். ஒருவகையில் அமெரிசியம் என்னும் கதிர்த்தொழிற்பாடுள்ள மூலகம் மிகச் சிறிதளவு இருக்கும். அது காற்றை அயனாக்கிச் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகின்றது; புகை புகுந்ததும் அவ்வோட்டம் குறைய, மணி ஒலிக்கின்றது. மற்றையதில், இருண்ட சிற்றறையினுள் ஓர் ஒளிக்கற்றை செல்லும். புகைத் துணிக்கைகள் ஒளியைச் சிதறடிக்க, அதனை ஓர் ஒளியுணரி கண்டறியும். சுவாலை விட்டெரியும் தீயை முன்னையது சற்று விரைவாக உணரும். கனன்று புகையும் தீயைப் பின்னையது விரைவாக உணரும். மெத்தையில் விழுந்த நுளம்புச் சுருளின் தணலும், சூடேறிய மின்கம்பியும் நெடுநேரம் கனன்றே பின்னர் எரிவன. ஆதலின், படுக்கையறைகளுக்கு ஒளியால் இயங்கும் கருவியே ஏற்றது.

கருவியை எங்கே பொருத்துவது? புகை மேலெழும் இயல்புடையது. எனவே கூரையின் உட்பரப்பில், சுவரிலிருந்து ஏறத்தாழ 30 சென்ரிமீற்றராவது விலக்கிப் பொருத்த வேண்டும். மின்விசிறியின் அருகே வேண்டாம். அதன் காற்று புகையை விலக்கிவிடும். உறங்கும் அறைகளிலும், அவற்றுக்கு வெளியே உள்ள நடையிலும், மாடிவீடாயின் ஒவ்வொரு மாடியிலும் ஒன்று இருத்தல் நன்று. ஸ்கொத்லாந்தில் 2022ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் வீடுகளில் இக்கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தே வைக்க வேண்டும் எனச் சட்டம் விதிக்கின்றது. ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும். கீழ்மாடியிற் பிறந்த தீயை மேல்மாடியில் உறங்குபவர் அறிய இதுவே வழி.

சமையலறைக்குப் புகையுணர் கருவி பொருந்தாது. தாளிக்கும்போதெல்லாம் அது அலறும். ஈற்றில் எவராவது அதன் மின்கலத்தைக் கழற்றி எறிவர். அங்கே சுமார் 57 பாகை செல்சியசில் இயங்கும் வெப்பவுணர் கருவி தகும். சாமியறையில் சாம்பிராணியும் கர்ப்பூரமும் புகைவதால் அங்கும் அவ்வாறே. குத்துவிளக்கைத் திரைச்சீலைக்கு அப்பால், உலோகத் தட்டின்மீது வைப்பதும், அனைவரும் வெளியே செல்லும்போது அதனை அமர்த்திவிடுவதும் எந்தக் கருவியிலும் மேலான காவலாகும்.

2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நம் நாட்டில் அடுத்தடுத்து நிகழ்ந்த சமையல் எரிவாயு விபத்துக்களை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நாம் பயன்படுத்தும் எரிவாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தங்கி நிற்கும். ஆகவே அதனை உணரும் கருவியைத் தரைக்கு அண்மையிலேயே பொருத்த வேண்டும். அது ஒலித்தாலும், எரிவாயுவின் மணம் வந்தாலும் மின்னாளி எதனையும் தொடாதீர்கள். போடுவதும் அணைப்பதும் இரண்டுமே பொறியை உண்டாக்கும். சிலிண்டரின் வாயை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறுக.

மின்சாரத்தை மட்டும் நம்பிய காவல் காவலாகாது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்திற் குரங்கொன்று ஏறியதனால் நாடு முழுவதும் இருண்டது. கருவி பொருத்த வருபவரிடம், ‘மின்சாரம் இல்லாதபோது இது எத்தனை மணிநேரம் இயங்கும்?’ என்று முதலிற் கேளுங்கள். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மாற்றத்தக்க மின்கலமாயின் ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். தூசியையும் சிலந்தி வலையையும் துடையுங்கள். பத்து ஆண்டு கடந்த புகையுணர் கருவியை நீக்கிப் புதியது பொருத்துங்கள்.

இனிப் பூட்டுக்கு வருவோம். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு யன்னற் கம்பியாவது உள்ளிருந்து திறக்கத்தக்கதாய் இருக்கட்டும். புதிதாக வீடு கட்டுவோர் கொல்லரிடம் இதனை முன்னரே சொல்லிவிடுவது எளிது. இரவிற் பூட்டும் கதவின் திறப்பு, கோவையிலிருந்து பிரிந்து, அக்கதவின் அருகே ஓர் ஆணியில் தனியே தொங்கட்டும். வெளியிலிருந்து கையோ தடியோ நீட்டி எடுக்க இயலாத இடமாக அது இருக்க வேண்டும். வீட்டிலுள்ள சிறுவரும் கண்ணை மூடிக்கொண்டு அதனை எடுக்கப் பழக வேண்டும். உள்ளிருந்து திறப்பின்றியே திருகித் திறக்கும் பூட்டாயின் இன்னுஞ் சிறப்பு.

இறுதியாக, ஒத்திகை. மணி ஒலித்தால் யார் எவ்வழியாற் செல்வது, பாட்டியாரைத் தாங்கிச் செல்பவர் யார், குழந்தையைத் தூக்குபவர் யார், வெளியே எம்மரத்தடியிற் கூடுவது என்பவற்றைக் குடும்பமாக இருந்து தீர்மானியுங்கள். சிறுவர் தாமே விழித்தெழுவர் என்று நம்ப வேண்டாம். ஸ்கொத்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தினர் நடத்திய சோதனையில், பெரும்பாலான சிறுவர் மணியோசையிலும் உறங்கியே கிடந்தனர். அவர்களை எழுப்புவது பெரியோர் கடமை. புகை நிறைந்த அறையில் நிமிர்ந்து நடவாது தவழ்ந்து செல்லுங்கள். செல்லும்போது கதவுகளைச் சாத்திச் செல்லுங்கள். சாத்திய கதவு தீயைத் தாமதிக்கச் செய்யும். வெளியேறியபின் எதன் பொருட்டும் உள்ளே திரும்பாதீர்கள். கொழும்பில் தீயணைப்புப் படையின் இலக்கம் 110. ஏனைய ஊர்களில் வாழ்வோர் தத்தம் உள்ளூராட்சி மன்றத்தின் தீயணைப்புப் பிரிவு இலக்கத்தைக் கேட்டறிந்து சுவரிலே எழுதி வைக்க. பொலிசுக்கு 119; நோயாளர் வண்டிக்கு 1990.

கருவிகளை இன்றே வாங்க எல்லோருக்கும் வசதி இராது. ஆனால் ஓர் ஆணியை அடித்துத் திறப்பை மாட்டப் பணம் வேண்டியதில்லை. பிள்ளைகளை அழைத்து வெளியேறும் வழியைக் காட்டவும் பணம் வேண்டியதில்லை. அவ்விரண்டையும் இன்றிரவே செய்யுங்கள். கருவி பின்னர் வரட்டும். நகை போனால் உழைத்துத் தேடலாம். உயிர் போனால் எங்கே தேடுவது?