புருவம் யாருக்காக?

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம் உறவுக்காரர்கள் தவறாமல் சொல்வது: "உயிர் பிழைச்சு வந்ததே பெரிசு. அழகு போனா என்ன?" சொல்கிறவர்களின் அன்பில் குறையில்லை, பேச்சில்தான் கோளாறு.

செங்கல்பட்டுக்காரர்கள் இதைச் சொல்லவே கூடாது. பக்கத்துத் திருமணியில் தொழுநோய் மருத்துவமனை இருந்த ஊர் இது. 1940களில் அங்கு வந்து நோயாளிகளின் கைகளைப் பார்த்துவிட்டுப் போன பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், வேலூர் சி.எம்.சி.யில் மடங்கிப்போன விரல்களுக்கு அசைவைக் கொண்டுவந்தார். அதோடு நிற்கவில்லை. நோய் தீர்ந்தவரைக்கூட, புருவம் இல்லாததைப் பார்த்தே ஊர் ஒதுக்கியது. ஆகவே தலைத்தோலை முடியோடு நகர்த்திப் புருவமாக வைத்தார். தலைமுடி ஆயிற்றே, வளர்ந்துகொண்டே போகும்; அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். அந்தப் புருவம் அலங்காரத்துக்கா? பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர் தயங்காமல் உட்காருவதற்கு.

"முடிதானே, வளர்ந்துடும். திருப்போரூர்ல மொட்டை போட்டதா நெனச்சுக்கோ" என்பது அடுத்தது. பெரும்பாலும் வளரும்தான். முடி கொட்டவைக்கும் கீமோ மருந்துகளில் 2, 3 வாரத்தில் கொட்டத் தொடங்கி, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முளைக்கும். ஆனால் திருப்போரூர்க் கந்தசாமிக்கு நேர்ந்துகொண்டு நாமே போய்த் தலையைக் குனிவது வேறு, காலையில் தலையணையில் கொத்தாகக் கிடப்பதைப் பொறுக்குவது வேறு. மொட்டைக்குப் புருவமும் இமைமுடியும் போவதில்லை. எடுத்த மார்பகமோ வெட்டிய தாடையோ திரும்ப வளரப்போவதும் இல்லை.

"புடவைக்குள்ள யாருக்குத் தெரியப் போவுது, இந்த வயசுல?" மார்பகம் எடுத்த அவளுக்குத் தெரியும். கோவளத்தில் மீன்கூடையைத் தலைக்கு ஏற்றக் கையைத் தூக்கினால், ரவிக்கைக்குள் வைத்த பஞ்சு மேலே ஏறிக்கொள்ளும். பஞ்சுக்கு எடை கிடையாது. கூடையை ஒரு கையால் பிடித்து, மறுகையால் முந்தானையை இழுத்துவிட்டபடி எத்தனை தெரு நடப்பது? எடையுள்ள சிலிக்கோன் மார்பகம் கடையில் கிடைக்கிறது என்று அவளிடம் யாராவது சொன்னார்களா?

ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்றும் கேட்கிறார்கள். வாய்ப்புற்றுக்கு அறுவை செய்தவருக்குச் சாப்பிடும்போது கடைவாயில் குழம்பு வழியலாம். அவர் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் கிளம்புகிறார். ஊர் அதைத் திமிர் என்கிறது.

"தைரியமா இரு" என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதைக் கேட்டவர் அழுகையை நிறுத்துவதில்லை, நம் எதிரில் அழுவதைத்தான் நிறுத்துகிறார்.

சொல்வதைவிடக் கேட்பது நல்லது. மார்பகத்தை எடுக்கும்போதே சீரமைக்க முடியுமா, பிறகு செய்யலாமா, தாடை எப்படி இருக்கும், வாய் திறக்க என்ன பயிற்சி என்பதையெல்லாம் அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும். புறநோயாளிகள் வரிசையில் மருத்துவருக்கு நேரம் குறைவு. நோயாளிக்கோ கேட்க வாய் வராது. கூடப் போகிறவர் கேட்கலாம்.