முழங்காலை மாற்றலாம், படிக்கட்டை யார் மாற்றுவது?

மலையகத்தில் முழங்கால் நோவை யாரும் நோயாகக் கணக்கெடுப்பதில்லை. “மலை ஏறினால் கால் வலிக்கத்தானே செய்யும்” என்று சொல்லி, தைலத்தைத் தேய்த்து, துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறோம். இப்படி இருபது, முப்பது வருடம் போன பின்பு ஒரு நாள் லயத்துப் படியில் இறங்க முடியாமல் போகிறது. அப்போதுதான் வைத்தியர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, “மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்” என்கிறார்.

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றி எம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. “கத்தி வைத்தால் பிறகு படுக்கைதான்” என்பது ஒன்று. “மாற்றிவிட்டால் பழையபடி கூடை தூக்கலாம்” என்பது மற்றது. இரண்டுமே சரியல்ல. வைத்தியசாலையில் நடப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி நாம் வாழும் வீட்டிலும் நடக்கும் பாதையிலும் இருக்கிறது என்பதே எமது கருத்து. வீடும் தோட்டமும் இழந்து, புதிதாக ஓரிடத்தில் குடியேறக் காத்திருக்கும் குடும்பங்கள் இதை இப்போதே சிந்திக்க வேண்டும்.

மூட்டு ஏன் தேய்கிறது? வயது ஒரு காரணம். உடற்பருமன், பழைய அடி, பரம்பரை ஆகியவையும் காரணங்கள். பாரம் சுமப்போருக்கும், குந்தியிருந்தும் மண்டியிட்டும் பல வருடம் வேலை செய்வோருக்கும் முழங்கால் தேய்வு கூடுதலாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நுவரெலியாவில் லீக்ஸ், கரட் பாத்திகளில் குந்தியிருந்து களை பிடுங்குகிறவரையும், ஹட்டன் பக்கத்து மலையில் நாளொன்றுக்கு 15, 20 கிலோ கொழுந்தைச் சுமந்து இறங்குகிற பெண்ணையும் இதிலே சேர்த்துப் பாருங்கள். ஆகவே இது தனிமனிதரின் தலைவிதி அல்ல. எமது உழைப்பு எமது உடலில் எழுதிவைத்த கணக்கு இது.

இன்றைய செயற்கை இடுப்பு மூட்டுக்கு வழிவகுத்தவர் ஜோன் சாண்லி என்ற ஆங்கிலேய வைத்தியர். உலோகப் பந்தையும் உறுதியான பிளாஸ்டிக் கிண்ணத்தையும் கொண்ட மூட்டை அவர் 1962 நவம்பரில் பொருத்தத் தொடங்கினார். முழங்கால் மூட்டும் அதே வழியில் பின்னர் வளர்ந்தது. இவை எத்தனை காலம் உழைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரைகளின்படி, 25 வருடங்களின் பின்னும் முழு முழங்கால் மூட்டுகளில் 100க்கு ஏறத்தாழ 82உம், இடுப்பு மூட்டுகளில் 100க்கு ஏறத்தாழ 58உம் மறுபடி மாற்றப்படாமல் இருந்தன. எனவே “கொஞ்ச நாளில் கழன்றுவிடும்” என்ற பயம் தேவையில்லை.

ஆனால் மூட்டு நீடிப்பது வேறு, மனிதர் நலமாக வாழ்வது வேறு. சிகிச்சையின் பின் பெரும்பாலானோருக்கு நோவு நன்றாகக் குறைகிறது. இரவில் தூக்கம் வருகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது. எனினும் முழங்கால் மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை. சிலருக்கு நோவு நீடிக்கிறது. மாற்றிய முழங்கால் பொதுவாக 110 முதல் 120 பாகை வரையே மடங்கும். முழுமையாகக் குந்துவதற்கு அது போதாது. மண்டியிடுவது பலருக்குக் கடினம். இடுப்பு மூட்டு மாற்றியவர் தாழ்ந்த இடத்தில் குனிந்து உட்கார்ந்தால், விசேடமாக முதல் சில மாதங்களில், மூட்டு இடம் விலகும் ஆபத்தும் உண்டு.

இங்கேதான் எமது கேள்வி எழுகிறது. கதிரையில் இருந்து, மேசையில் உண்டு, உயர்ந்த மலகூடத்தைப் பாவித்து, சமதரையில் நடப்பவருக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. எமது வீடுகளில் அடுப்பு நிலத்தில். சாப்பாடு நிலத்தில். மலகூடம் குந்தியிருக்கும் வகை, அதுவும் பல இடங்களில் வீட்டுக்கு வெளியே, மழையில் வழுக்கும் படிகளுக்குக் கீழே. கண்டியிலோ கொழும்பிலோ சிகிச்சை முடித்து ஊன்றுகோலுடன் திரும்பும் ஒரு தாயை இந்தப் படிக்கட்டு முதல் நாளிலேயே தோற்கடித்துவிடும். அவர் வெளியே போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், சாப்பாட்டைக் குறைப்பார், அறைக்குள்ளேயே இருந்துவிடுவார். அசையாத காலின் தசை சுருங்கும். பிறகு அயலவர் சொல்வார்கள்: “ஒப்பரேசன் சரிவரவில்லை.” சரிவராதது ஒப்பரேசனா, படிக்கட்டா?

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி இந்த மலைகளைப் பிளந்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் வீடுகளும் மரக்கறித் தோட்டங்களும் மண்ணோடு போயின. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவுக்குத் தப்பியவர்கள் புது வீட்டுக்காக நீண்ட காலம் காத்திருந்ததை நாம் மறக்கவில்லை. ஓடவேண்டிய இரவில் முழங்கால் தேய்ந்த முதியவருக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நடக்கும் வலிமை எமக்கு வசதி மட்டுமல்ல, உயிர்காப்பும் ஆகும்.

“தலைக்குமேல் கூரையே இல்லை, இதில் உயர்ந்த மலகூடம் கேட்பதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வீடு கட்டும்போது கைபிடிக் கம்பி பொருத்துவதற்கும் மலகூடத்தை வீட்டோடு சேர்த்து அமைப்பதற்கும் ஆகும் மேலதிகச் செலவு சிறிது. கட்டி முடிந்தபின் உடைத்து மாற்றுவதுதான் பெருஞ்செலவு. மலையகத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகள் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி என்று திட்டமிடப்பட்டன. அந்தச் சிறிய அளவுக்குள்ளும் இதற்கு இடமுண்டு. வரைபடம் போடும் நாளிலேயே, வீட்டில் முதியவர், நடக்கமுடியாதவர் எத்தனை பேர் என்று அதிகாரிகள் கேட்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் நாம் சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்குப் போகுமுன் குடும்பமாகக் கூடிப் பேசுங்கள். செயற்கை மூட்டை வைத்தியசாலை தருமா, நாம் வாங்க வேண்டுமா என்று முன்னரே கேளுங்கள். பணம் தேவைப்பட்டால், ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கடன் வாங்கி, நகையை அடகு வைத்தபின் கேட்பதில் பயனில்லை. வீட்டில் அடுப்பை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். உறுதியான, உயரமான கதிரை ஒன்றை ஆயத்தமாக வையுங்கள். நடுவில் துளையிட்ட பலமான கதிரையைக் குழியின்மேல் வைத்தால் அதுவே மலகூட ஆசனமாகும். கதிரை வழுக்காதபடி கால்களைப் பதித்துவிடுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் பயிற்சியைக் கைவிடாதீர்கள். இயன்மருத்துவர் காட்டித்தரும் பயிற்சிகளை நாள்தோறும் மாதக்கணக்கில் செய்ய வேண்டும். பலருக்கு ஒரு வருடம் வரை முன்னேற்றம் தொடர்கிறது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முதலில். காய்ச்சல், மூட்டு சிவந்து வீங்குதல், காயத்தில் நீர் வடிதல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றைக் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அட்டை கடித்துச் சொறிந்த புண்ணையும் அலட்சியம் செய்யாதீர்கள். தோலில் உள்ள கிருமி இரத்தத்தின் வழியே மூட்டைப் பற்றக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செயற்கை மூட்டு மறுபடியும் மூட்டை சுமப்பதற்காகத் தரப்படுவதல்ல. நாற்றுமேடையில் நின்று செய்யும் வேலை, விதை தெரிதல், மரக்கறி தரம்பிரித்தல் போன்றவற்றை எமது சங்கங்கள் இவர்களுக்கு ஒதுக்க வேண்டும். மருமகளும் மகனும் “சும்மா இருங்கள்” என்று அன்போடு சொல்லி ஒரு மூலையில் இருத்திவிடுவதும் ஒருவகைத் தண்டனையே.

ஆலயத்தில் மண்டியிட முடியாதவர் கதிரையிலிருந்து செபித்தால் அந்தச் செபம் குறைந்துவிடாது. முன்வரிசையில் அவர்களுக்கு இடம் விடுவோம். யோவான் நற்செய்தியிலே 38 வருடம் நோயோடு குளத்தருகே கிடந்த மனிதனை நினைத்துப் பாருங்கள். குளம் அருகில்தான் இருந்தது. அவனைக் குளத்தில் இறக்கிவிடத்தான் ஆளில்லை. எமது நாட்டிலும் இலவச வைத்தியசாலை இருக்கிறது, கைதேர்ந்த வைத்தியர் இருக்கிறார். ஆனால் அங்கே போகவும், திரும்பிவந்து நடமாடவும் உதவும் கைகள் குறைவு. அந்தக் கைகளாக நாம் இருப்போம். அடுத்த ஊர்க்கூட்டத்தில் புது வீட்டின் வரைபடம் பேசப்படும்போது, ஒரு கைபிடிக் கம்பியையும் கேட்டு எழுந்து நிற்போம்.